தொண்ணூற்றொரு மனைவிமாரும் உயிரோடுதான் இருக்கிறார்கள்

கொக்குச்சேனை வட்டை வாடி,
படுவான்கரை,
மட்டக்களப்பு.
14.10, செவ்வாய்

என் தங்கச்சி வயிற்றில் பிறந்த ஒரே மருமகன் தனோஜனுக்கு, உன் தாய்மாமனும் கொக்குச்சேனை வட்டவிதானையுமான வினாயகமூர்த்தி நெஞ்சு படபடக்க எழுதிக்கொள்வது.

நீ அங்கே கொழும்பில் சுகமாக இருக்க மாமாங்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. மழையில் நனையாதே. இங்கே நாங்கள் எல்லோரும் நலம் என்று அடுத்த வரியை எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் எழுத முடியவில்லை. ஏனென்றால் அலுவலகப் பதிவின்படி உன் மாமி புஸ்பம் போன புதன்கிழமை காலை செத்துப்போய்விட்டாள். பயப்படாதே, நேரில் உயிரோடுதான் இருக்கிறாள், முன்னைவிட உரத்த குரலோடு இருக்கிறாள். அவளோடு சேர்த்து நம் வட்டையில் இன்னும் தொண்ணூறு பெண்கள் அன்று காலையில் செத்தார்கள். அத்தனை பேரையும் ஒரே மூச்சில் கொன்றது நீ அனுப்பிய அந்தப் புரோகிராம். இதைப் போனில் சொல்லாமல் ஏன் கடிதத்தில் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனை உன் மாமி பறித்து வைத்திருக்கிறாள். அதோடு, காகிதத்தில் நான் எழுதுவதுதான் எழுத்து, வேறு ஒருத்தரும் இடையில் புகுந்து தெரிவு செய்ய முடியாது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் இருந்து சொல்கிறேன். நம் வட்டை வயல்வெளியில் தொண்ணூற்றாறு பேரின் வயலுக்கு எந்த நாளில் தண்ணீர் திறப்பது, எந்த நாளில் விதைப்பது, எவனுடைய மாடு எவனுடைய வரம்பைத் தாண்டியது என்று பார்ப்பதுதான் வட்டவிதானையின் வேலை என்று உனக்குத் தெரியும். பதினெட்டு வருசமாக அதை ஒரு சொல் கேளாமல் செய்து வந்தவன் நான். இந்த முறை பெரும்போக விதைநெல்லுக்கு இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று விவசாய அலுவலகத்தில் அறிவித்தார்கள். ஒரு ஆளுக்கு ஒரு படிவம், ஒரு படிவத்தில் பதினொரு பட்டியல். சின்ன அம்புக்குறியை அமத்தினால் கீழே தொபுக்கென்று விழுகிற பட்டியல், நீ ட்றொப்டவுன் என்பாய். முதலாவது ஆளின் படிவத்தை நிரப்பவே எனக்கு முக்கால் மணித்தியாலம் போனது. வட்டையின் பெயரைத் தெரிவு செய்துவிட்டுக் கையை எடுத்தால் பட்டியல் தானாக உருண்டு வேறொரு வட்டையில் போய் நிற்கும். அப்போதுதான் நீ திருவிழாவுக்கு வந்திருந்தாய், மருமகன் என்று வாய் நிறையக் கூப்பிட்டு உன்னிடம் முறையிட்டேன். நீயும் உன் வேலைத்தலத்தில் இணையப் பக்கங்களைச் சோதிக்கிற புரோகிராம் ஒன்றை என் மகள் யசோதினியின் மடிக்கணினியில் போட்டுத் தந்தாய். "மாமா, நீங்க பெயரையும் தெரிவையும் ஒரு அட்டவணையில எழுதி வையுங்க, இவன் தானாப் பக்கத்தத் திறந்து, தானாப் பட்டியல இறக்கி, தானாத் தெரிவு செஞ்சு அனுப்பிருவான்" என்றாய். இவன் என்றுதான் சொன்னாய். நானும் ஒரு ஆள் என்றே நம்பினேன்.

தெரிவுகளைச் சொல்லாக எழுதச் சொன்னாய். எழுதினேன். நான் பழைய பாமினி எழுத்தில் தட்டிப் பழகியவன், உன் ஆளுக்கு அது விளங்கவில்லை, அப்படியொரு தெரிவே பட்டியலில் இல்லை என்று தொண்ணூற்றாறு தரம் சிவப்பில் கத்தினான். உனக்குப் போன் எடுத்தேன். நீ கூட்டமொன்றில் இருந்தாய், குசுகுசுவென்று பேசினாய். "அப்ப இலக்கத்தால குடுங்க மாமா. பட்டியல்ல எத்தனையாவது எண்டு. ஆனா ஒண்டு கவனம், முதலாவதுக்கு ஒண்டு போடப்படாது, பூச்சியம்தான்" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆருக்கடா படிப்பிக்கிறாய்? களவெட்டியில் நெல் அளக்கிறபோது முதல் மரைக்காலை ஒண்டு என்று சொன்னவன் இந்தப் பக்கத்தில் உண்டா? லாபம், ரெண்டு, மூண்டு என்றுதானே அளப்போம். நம் வட்டையில் வயல் செய்கிற ஏறாவூர் இப்றாஹிமின் களத்தில் என்றால் பறக்கத், ரெண்டு, மூண்டு. கணினிக்காரனும் முதலாவதை ஒண்டு என்று சொல்லக் கூசுகிறானே, நம்மட ஆக்கள் போலத்தான் என்று எனக்கு உன் ஆள்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. முதலாவது தெரிவுக்குப் பூச்சியம் போட்டேன், இரண்டாவதுக்கு இரண்டு போட்டேன், மூன்றாவதுக்கு மூன்று போட்டேன். தொண்ணூற்றாறு பேருக்கும் கண் பூத்துப்போகப் போட்டு முடித்து, சாமி படத்துக்கு முன்னால் மடிக்கணினியை வைத்து, நீ சொன்ன பொத்தானை அமத்தினேன்.

ஐயோ தனோஜன், அந்தக் காட்சியைப் பார்த்து நான் வாய் பிளந்து நின்றேன். ஒருத்தரும் தொடவில்லை. பட்டியல் இறங்குது, தெரிவு விழுது, ஏறுது, அடுத்தது இறங்குது. ஒரு படிவம் முடிய நான் ஒரு மிடறு தேத்தண்ணி குடிக்கவில்லை. உன் மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தியா, நம்மட மருமகன்ட மூளைய!" என்றேன். அவள் மீன் வெட்டிய கையோடு வந்து பார்த்து, "என்னத்தத் தெரிவு செய்யுது எண்டு பாத்தயளா?" என்று கேட்டாள். அந்த வேகத்தில் எதைப் பார்க்கிறது? பெருமையைத்தான் பார்த்தேன்.

புதன்கிழமை காலை போன் கிணுகிணுத்தது. என் கண்ணாடி மேசையில் கிடந்ததால் உன் மாமிதான் எடுத்து உரக்க வாசித்தாள். "தங்கள் துணைவியாரின் மறைவுக்கு எமது அனுதாபங்கள். காணி அன்னாரின் பெயரில் உள்ளமையால், இறப்புச் சான்றிதழும் உரித்தாளர் விபரமும் கிடைக்கும்வரை தங்களுக்கான விதைநெல் நிறுத்தி வைக்கப்படுகிறது." வாசித்து முடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அப்ப நான் செத்திட்டன்."

"அப்பிடியில்ல புஸ்பம், இது என்னவோ பிழை..."

"ஆரு எழுதிக் குடுத்தது?"

"மிசின்."

"மிசினுக்கு ஆரு எழுதிக் குடுத்தது?"

திருமண நிலை என்ற பட்டியலில் திருமணமாகாதவர் முதலாவது, திருமணமானவர் இரண்டாவது, துணையை இழந்தவர் மூன்றாவது, விவாகரத்தானவர் நான்காவது. நான் இரண்டு போட்ட தொண்ணூற்றொரு பேரையும் உன் ஆள் மூன்றாவதில் கொண்டுபோய் இருத்திவிட்டான். காணி யாருடையது என்ற பட்டியலில் முதலாவதே "துணைவியின் பெயரில்". அதற்குப் பூச்சியம் போட்டேன், அது மட்டும் அச்சொட்டாக விழுந்தது. நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததா? வீடும் வளவும் வயலும் பெண்பிள்ளைக்குத்தான், ஆண்பிள்ளை ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே குடியிருக்கிறவன். அதனால் தொண்ணூற்றொரு வயலுக்கும் சொந்தக்காரி செத்தாயிற்று என்று ஆகி, தொண்ணூற்றொரு வயலுக்கும் விதைநெல் நின்றுவிட்டது. உன் மாமி இந்த வழக்கத்தை எனக்கே எடுத்துச் சொன்னாள். "இது எங்கட அம்மா எனக்குத் தந்த வீடு. நான் செத்தா இது யசோதினிக்கு. செத்தவட புருசனுக்கு இஞ்ச என்ன வேல?" பத்து நிமிசத்தில் நான் கட்டுகிற சாரம் இரண்டும் தலையணையும் வாசல் படலையில் தொங்கின. முப்பத்தொரு வருசம் வாழ்ந்த வீடடா. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வட்டைக்கு வந்து, காவல் வாடிக் குடிசையில் இருக்கிறேன்.

இது என் வீட்டுக் கதை. ஏறாவூர் இப்றாஹிமின் கதையைக் கேள். அவருடைய போன் பழுது என்று படிவத்தில் மனைவியின் தம்பியான மச்சானின் இலக்கத்தைக் கொடுத்திருந்தார். மச்சான் ஓட்டமாவடியில் கடை வைத்திருக்கிறவர். அனுதாபச் செய்தி அங்கே போய் விழுந்திருக்கிறது. மனிசன் கடையை அப்படியே இழுத்துச் சாத்தி, குடும்பத்தைத் திரட்டி, இரண்டு வான் பிடித்து, அழுதழுது ஜனாஸாவுக்கு வந்து இறங்கினால், வாசலில் இப்றாஹிமின் மனைவி றம்லா தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறா. இத்தனை பேர் அழுதுகொண்டு வருவதைக் கண்டு அவவும் பதறி, "ஆருக்குடா மௌத்து?" என்று கேட்க, "உங்களுக்குத்தான் ராத்தா" என்று சொல்லிவிட்டுத் தம்பிக்காரன் அந்த இடத்திலேயே தலை சுற்றி விழுந்துவிட்டார். வந்த இருபத்தாறு பேருக்கும் செத்தவதான் சோறு ஆக்கிப் போட்டா. இப்றாஹிம் என்னைத் தேடி வாடிக்கு வந்து, "விதானையார், உங்களில எனக்குக் கோபமில்ல, ஆனா அவவுக்கு முன்னால மட்டும் வந்திராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதற்குள் சுகாதாரப் பரிசோதகருக்குச் செய்தி எட்டிவிட்டது. ஒரே வட்டையில், ஒரே காலையில், தொண்ணூற்றொரு பெண்கள், ஆண்களில் ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை. மனிசன் முகக்கவசம், கையுறை, கிணற்றுத் தண்ணீர் எடுக்கப் போத்தல் என்று மோட்டார் சைக்கிளில் வந்து, முதலாவது வீடாக நம் வீட்டுப் படலையைத் தட்டினார். உன் மாமிதான் திறந்தாள். யசோதினி பக்கத்தில் நின்று கேட்டதை எனக்கு வந்து சொன்னாள்.

"அவ கடைசியா என்ன சாப்பிட்டவ?"

"ஆரு?"

"இந்த வீட்டில செத்தவ."

"மீன் ஆணமும் கீரையும்."

"ஆரு சமைச்சது?"

"செத்தவதான்."

பரிசோதகர் அதையும் எழுதிக்கொண்டாராம்.

உன் அம்மாவின் நிலைமையையும் உனக்குச் சொல்ல வேண்டும், மனதைத் திடப்படுத்திக்கொள். கணவனை இழந்தவர்கள் நாலு பேருக்கு நான் மூன்று போட்டேன், உன் ஆள் அவர்களை நான்காவதில் தள்ளிவிட்டான். உன் அப்பா தவறிப் பதினொரு வருசத்துக்குப் பிறகு என் தங்கச்சி சீதேவிப்பிள்ளை அவரை விவாகரத்துச் செய்துவிட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டு போய் மன்னிப்புக் கேட்டேன். அவள், "அண்ணன், அந்த மனிசன் குடிச்சிப்போட்டு வந்த காலத்தில இந்த மிசின் எங்க கிடந்தது?" என்று கேட்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. தொண்ணூற்றாறு பேரில் திருமண நிலை சரியாக விழுந்தது கலியாணம் கட்டாத சிவதர்ஷன் ஒருத்தனுக்குத்தான். பூச்சியம் போட்டேன், பூச்சியத்திலேயே நின்றான். "மிசின் நேர்மையானது விதானையார், ஆக்கள்தான் சரியில்ல" என்று சந்தியில் நின்று சொல்கிறானாம். நேற்று அலுவலகத்தில் இருந்து ஆள் வந்து, நெல்லு மூட்டையை இறக்க இறங்குதுறை எங்கே என்று கேட்டார். வாகனத்துக்கு நான் இரண்டாவதாக நின்ற உழவு இயந்திரத்தைப் போட்டேன், உன் ஆள் தோணியைத் தெரிவு செய்திருக்கிறான். வாவிக்கும் நம் வட்டைக்கும் நடுவில் மூன்று மைல் தரை கிடக்குதடா.

யசோதினி அட்டவணையைத் திறந்து ஒரு மணித்தியாலம் பார்த்தாள். பிறகு மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு வாடிக்கே வந்துவிட்டாள். "அப்பா, மிசின்ல பிழையில்ல. அது பூச்சியம், ஒண்டு, ரெண்டு எண்டு எண்ணுது. நீங்க பூச்சியத்துக்கு அடுத்ததா ரெண்டு போட்டிரிக்கிறயள். ஒண்டு எங்க?" என்றாள். "ஒண்டு எண்டு சொல்லப்படாது புள்ள, அதுதானே லாபம்" என்றேன். "லாபத்துக்கு அடுத்தது அவனுக்கு ஒண்டப்பா" என்றாள். எனக்குத் தேள் கொட்டினது போல் இருந்தது. இரண்டாவதாக நிற்கிறதை ஒண்டு என்று சொல்கிறவன் எந்த ஊர்க் கணக்கன்? களவெட்டியில் முதல் மரைக்காலை லாபம் என்று விட்டு இரண்டாவதை ஒண்டு என்று எண்ணியிருந்தால், வட்டைக்காரர் அன்றைக்கே என்னைத் துரத்தியிருப்பார்கள். பிழை உன் ஆளுடையதுதான், இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. முதலாவது பூச்சியம் என்று சொன்ன நீ, இரண்டாவது என்ன என்றும் சொல்லியிருக்க வேண்டும். கூட்டத்தில் இருந்து குசுகுசுத்தால் இப்படித்தான் ஆகும்.

இப்போது ஒரே வழிதான் உண்டு. தொண்ணூற்றொரு பெண்களும் தாங்கள் உயிரோடு இருப்பதாகக் கிராம சேவகரிடம் கடிதம் எடுத்து, வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கிராம சேவகரிடம் பிறந்ததற்குப் படிவம் உண்டு, செத்ததற்கு உண்டு, சாகவில்லை என்பதற்கு ஓய்வூதியக்காரரின் படிவம் ஒன்றுதான் உண்டாம். அதில் எழுதித் தருகிறார். "எனக்கு ஆரு எப்ப ஓய்வு தந்தது?" என்று உன் மாமி அங்கேயும் கேட்டிருக்கிறாள். மருமகனே, பகிடியை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. இருபத்தைந்தாம் திகதி விதைப்பு. வடக்கே மேகம் கறுக்கத் தொடங்கிவிட்டது. அதற்குள் நெல் வந்து இறங்காவிட்டால் மழை இறுகிவிடும், பிறகு வட்டை முழுக்கத் தண்ணீர்தான் நிற்கும், தை மாதத்தில் அறுக்க ஒரு கதிரும் இராது. தொண்ணூற்றாறு வீட்டுச் சோறு என் ஒரு விரலில் போய்விட்டது என்று நினைக்க நினைக்க இந்த வாடியில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பதினெட்டு வருசத்தில் நான் யாருக்கும் முகம் மறைத்து நடந்ததில்லை, இப்போது சைக்கிள் மணிச் சத்தம் கேட்டாலே வரம்புக்குப் பின்னால் குந்திக்கொள்கிறேன்.

ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் புறப்பட்டு வா. வந்து உன் ஆளை யசோதினியின் மடிக்கணினியில் இருந்து வேரோடு பிடுங்கு. அதை எழுதிய ஆட்களிடம், வட்டை வழிய வாழ்கிற சனங்களின் கையில் இதைக் கொடுக்கக்கூடாது என்று நான் சொன்னதாகச் சொல். நான் வட்டவிதானையாக இருக்கும்வரை கொக்குச்சேனைக்குள் அது கால் வைக்காது, இது என் முடிவான சொல். உன் மாமியிடம் எனக்காக ஒரு வார்த்தை பேசு, உன்னை அவள் எப்போதும் மகன் என்றுதான் சொல்வாள். எல்லாக் குறையும் தீர்ந்து, நீ நல்ல பெண்ணைக் கட்டி, அவளை எந்தப் படிவத்திலும் சாகவிடாமல் நீடூழி வாழ உன் தாய்மாமனின் ஆசி.

இப்படிக்கு,
சி. வினாயகமூர்த்தி,
வட்டவிதானை, கொக்குச்சேனை வட்டை.

பி.கு: 17.10, வெள்ளி. தபாற்கந்தோருக்குப் போகிற வழியில் ஆட்கள் நிற்பார்கள் என்று இந்தக் கடிதத்தை மூன்று நாள் வைத்துக்கொண்டிருந்துவிட்டேன். அதற்குள் பல சங்கதிகள் நடந்துவிட்டன. மேலே எழுதியதில் உன் மாமி உயிரோடு இருக்கிறாள் என்பதைத் தவிர வேறொன்றையும் கணக்கில் எடுக்காதே.

நேற்று தொண்ணூற்றொரு பெண்களும் கிராம சேவகரின் கந்தோர் வாசலில் காலை தொடங்கி வரிசையில் நின்றார்கள். ஏறாவூரில் இருந்து றம்லாவும் வந்திருந்தா. வரிசை நகரவில்லை, கதை நகர்ந்தது. காணிக்காரி வந்து ஒப்பமிட்டால்தான் நெல் என்றால், வட்டைக்கூட்டத்தில் இத்தனை வருசம் கை தூக்கியது யார் என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். அந்த இடத்திலேயே மருத மரத்துக்குக் கீழே கூட்டம் கூடிவிட்டது. நாங்கள் ஆண்கள் சைக்கிள்களைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்றோம், எங்கள் பெயரில் காணி இல்லாததால் கை தூக்க உரிமை இல்லையாம். ஒரு கையும் குறையாமல் உன் மாமி புஸ்பத்தை வட்டவிதானையாகத் தெரிவு செய்துவிட்டார்கள். எழுந்து நின்று முதலாவதாகக் கைதட்டியவள், துணைக்கு வந்திருந்த உன் அம்மா.

புது வட்டவிதானை அம்மா பின்னேரமே யசோதினியைப் பக்கத்தில் இருத்தி, உன் ஆளைக் கூப்பிட்டாள். ஒவ்வொரு பட்டியலிலும் எது விழுகிறது என்று வாய்விட்டு வாசித்து வாசித்துத் தொண்ணூற்றைந்து படிவத்தையும் திருத்தி அனுப்பினாள். இன்று காலை பதில் வந்துவிட்டது, திங்கட்கிழமை உழவு இயந்திரத்தில் நெல் வந்து இறங்கும். உன் ஆள் தங்கமான ஆளாம். நீ அவனைப் பிடுங்க வரவேண்டாம், சிறுபோகத்துக்கும் அவன்தானாம்.

திருத்தாமல் நிற்கிற ஒரே படிவம் என்னுடையது. துணையை இழந்தவனாகவே இன்னும் இருக்கிறேன். காலையில் படலைக்குப் போய்க் கேட்டேன். உன் மாமி உள்ளே இருந்தபடியே, "அதிலயென்ன, திருமணமானவர் எண்டது பட்டியல்ல இரண்டாவது. அதுக்கு என்ன இலக்கம் எண்டு சொல்லிப்போட்டு வீட்டுக்குள்ள வாங்க" என்றாள். யசோதினி அவளுக்குப் பின்னால் நின்று ஒற்றை விரலைக் காட்டினாள். எனக்கும் தெரியும். வழியெல்லாம் சொல்லிப் பழகிக்கொண்டுதான் போனேன். ஆனால் படலையில் கை வைத்து வாயைத் திறந்ததும், அறுபத்திரண்டு வயசுப் பழக்கமடா, "ரெண்டு" என்றே வந்துவிட்டது.

இதையும் வாடியில் இருந்துதான் எழுதுகிறேன்.